மண்டபம் கேம்ப்: ஒரு வாசல், மூன்று பயணங்கள்



இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் போகும் ரயில் உச்சிப்புளியைத் தாண்டியதும் மண்டபம் கேம்ப் என்று ஒரு சிறிய நிலையம் வரும். அதற்கு அடுத்த நிலையத்தின் பெயர் மண்டபம். ஊருக்கு ஒரு நிலையம், கேம்புக்கு ஒரு நிலையம். தீர்த்தமாடப் போகிறவர்களிடம் அது என்ன கேம்ப் என்று கேட்டால், "சிலோன் அகதிகள் இருக்காங்கல்ல, அது" என்பார்கள். தவறில்லை. ஆனால் 1983க்குப் பிறகு வந்த அகதிகளுக்காகக் கட்டப்பட்டதல்ல அந்த முகாம். அவர்கள் வருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகவே அது அங்கே இருந்தது. அப்போது அதை நடத்தியது சென்னை மாகாண அரசும் அல்ல. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த இலங்கைக் குடியேற்ற அரசு, நம் மண்ணில் இடம் பிடித்து, தன் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் ஆட்களைச் சலித்து அனுப்புவதற்காக வைத்திருந்த வாசல் அது.

அந்த வாசல் வழியாகப் போனவர்களில் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், அருந்ததியர். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளின் சேரிகளிலிருந்து புறப்பட்டவர்கள். தலித் வரலாறு என்று நாம் பேசும்போது கோவில் நுழைவும் வட்டமேசையும் பஞ்சமி நிலமும் வருகின்றன. மண்டபம் கேம்ப் வருவதில்லை. அதனால்தான் இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு இந்த இடத்தை எடுத்துக்கொண்டோம். படித்ததை மட்டும் வைத்துப் பேசாமல் நேரில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தோம். எங்களுடன் எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு மூதாட்டி வந்தார். எங்கள் குழுவில் உள்ள ஒரு மாணவியின் அம்மாயி. மாணவி கூப்பிடுவதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் அம்மாயி என்றே கூப்பிட்டோம். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, 1973இல் கைக்குழந்தையோடு கப்பலில் இராமேஸ்வரம் வந்து இறங்கி, இந்தக் கேம்பில் தங்கி, பிறகு நீலகிரிக்குப் போனவர். ஐம்பது ஆண்டுகளாக இந்தப் பக்கம் வரவேயில்லை.

அவர் சொன்னதை இடையிடையே சொல்கிறோம். முதலில் இந்த முகாம் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் 1820களில் தொடங்கி, 1830, 40களில் பெருகின. ஆள் பிடிப்பு இங்கிருந்து. அன்று அவர்கள் போனது நடைபாதை. இராமேஸ்வரம் பக்கம் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் பலர். எத்தனை பேர் என்ற கணக்கில் ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். செத்தவர்களை யாரும் எண்ணிவைக்கவில்லை என்பதே அந்தச் சண்டைக்குக் காரணம். 1869இல் காப்பிச் செடியில் இலைநோய் விழுந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டும், அதற்குப் பெண்கள் வேண்டும். ஆகவே தனி ஆட்களாகப் போய் வந்துகொண்டிருந்தவர்கள் குடும்பமாகப் போய்த் தங்கலானார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிளேக் பயம் வந்து வடக்குப் பாதை மூடப்பட்டது. ஆட்கள் தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குப் போனார்கள். தூத்துக்குடி அருகே தட்டப்பாறையில் ஒரு முகாம், கொழும்பு அருகே ராகமையில் ஒரு முகாம் என்று தடுத்து வைத்து அனுப்பினார்கள். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. அதே ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. இருபது மைல் சொச்சம் கடல், இரண்டு பக்கமும் தண்டவாளம். சென்னையில் ஏறிக் கொழும்பில் இறங்கலாம் என்று போட் மெயிலைப் பற்றி இன்றும் பெருமையாக எழுதுகிறார்கள். அந்தப் பெருமைக் கதைகளில் மண்டபத்தில் இறக்கிவிடப்பட்டவர்கள் இல்லை. முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தவர்களுக்கு வேறு நடைமுறை. தோட்டத்து ஆட்கள் கேம்பில் இறங்கவேண்டும்.

கேம்பின் நடைமுறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் "ஏமாற்றி அழைத்துப் போனார்கள்" என்ற ஒற்றை வரியில் இதை முடித்துவிடுவது நம்மிடம் பழக்கமாகிவிட்டது. ஏமாற்று இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஓர் ஏற்பாடு இருந்தது.

தோட்டத்திலிருந்து கங்காணி தன் சொந்த ஊருக்கு அனுப்பப்படுவார். கையில் முன்பணம், பையில் தகர வில்லைகள். ஆவணங்களில் இதற்கு ‘டின் டிக்கட்’ என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு வில்லையிலும் எந்தத் தோட்டம் என்பதைக் காட்டும் குறியும் எண்ணும் அடிக்கப்பட்டிருக்கும். புறப்படுகிறவர் கழுத்தில் அதைக் கட்டிக்கொண்டால் போதும், வழியில் சீட்டு வாங்கவேண்டியதில்லை, கேம்பில் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கவேண்டியதில்லை. வில்லையில் உள்ள குறியைப் பார்த்துச் செலவு முழுவதையும் அந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதிவிடுவார்கள். தோட்டம் அதைக் கங்காணியின் கணக்கில் எழுதும். கங்காணி ஆளின் கணக்கில் எழுதுவார். அதாவது ரயிலில் போனவருக்கு ஏறும்போதே கடன் இருந்தது. 1904இல் தோட்ட முதலாளிகள் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழிலாளர் ஆணையம் என்று ஓர் அலுவலகமே வைத்து இந்த வேலையை நடத்தினார்கள்.

கேம்பில் இறங்கியதும் குளிக்கவைப்பார்கள். உடுத்தியிருந்த துணியை வாங்கி ஆவியில் போட்டு எடுப்பார்கள். அம்மை குத்துவார்கள். கொக்கிப் புழுவுக்கு மருந்து கொடுப்பார்கள். பெயர், ஊர், சாதி, போகும் தோட்டம் எல்லாம் பதிவாகும். ஐந்தாறு நாள் வைத்திருந்து, நோய் இல்லை என்று கண்டால் கப்பலுக்கு அனுப்புவார்கள்.

அம்மாயி இதைத் தன் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறார். "எங்க தாத்தா சொல்லும், கேம்புல மருந்துத் தண்ணி ஊத்தினானுங்க, ஒடம்பெல்லாம் எரிஞ்சிச்சுன்னு. ஊருல ஒரு கொளத்துல கால நனைக்க விடமாட்டானுங்க, இங்க புடிச்சு வச்சுக் குளிப்பாட்டுனானுங்கன்னு சிரிக்கும்." அந்தச் சிரிப்பை நாங்கள் மூன்று நாளும் பேசிக்கொண்டிருந்தோம். வெள்ளைக்காரனின் சுகாதாரத் துறை அவரை மரியாதைக்காகத் தொடவில்லை. நோய் தோட்டத்துக்குப் போனால் நஷ்டம் என்பதற்காகத் தொட்டது. ஆனாலும் தொட்டது. சொந்த ஊரில் தீட்டு என்று தள்ளி வைத்தார்கள், கேம்பில் தொற்று என்று பிடித்துவைத்தார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்தக் கிழவருக்குத் தெரிந்திருக்கிறது. எது மேல் என்று அவர் முடிவு சொல்லாமல் சிரித்திருக்கிறார்.

இலங்கைக்குப் போனவர்கள் மொரீஷியசுக்கோ பிஜிக்கோ ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களைப் போல ஒரே போக்காகப் போனவர்கள் அல்லர். போவார்கள், வருவார்கள், மறுபடி போவார்கள். பஞ்ச காலத்தில் போக்கு கூடும். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் கண்டிச் சீமைதான் பலரைப் பிழைக்க வைத்தது. மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்தவர் ஓர் இரவில் காணாமல் போவதற்கும் கண்டிச் சீமை உதவியது. ஆள் போய்விடுகிறது என்று நிலக்காரர்கள் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த முறையீடுகளைப் படித்தால் யாருக்கு அந்தக் கப்பல் பிடிக்கவில்லை என்று தெரியும். ஆக, ஓடியவர்களும் அவர்களில் உண்டு. ஓடிப்போய்ச் சேர்ந்த இடத்தில் பெரிய கங்காணி இருந்தார். பெரும்பாலும் வெள்ளாளர், கள்ளர், அகம்படியர் போன்ற சாதியினர். அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணி. சேரி ஆள் சில்லறைக் கங்காணி ஆவது உண்டு, பெரிய கங்காணி ஆவது அரிது. ஊரின் படிநிலை மலையேறிப் போய் லயத்திலும் நின்றது.

அங்கே ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போகவேண்டுமானால், இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுகிறோம் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டும். கடன் அங்கே தொடரும். ஆள் மாறலாம், கடன் மாறாது. 1921இல் துண்டு சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1922இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு இலங்கையில் இதற்கென்று ஒரு பொது நிதி ஏற்படுத்தி, அழைத்துவரும் செலவைத் தொழிலாளியிடம் பிடிக்கக்கூடாது என்றார்கள். மண்டபத்தில் வெளிச்செல்வோரை விசாரிக்க ஓர் இந்திய அதிகாரி வந்தார், கண்டியில் இந்திய அரசின் முகவர் ஒருவர் அமர்ந்தார். 1939 ஆகஸ்ட் 1 முதல் தோட்ட வேலைக்கு ஆள் போவதை இந்திய அரசு தடுத்தது. முகாமின் முதல் வாழ்வு அத்துடன் முடிந்தது என்று சொல்லலாம்.

இரண்டாவது வாழ்வு எதிர்த்திசையில் தொடங்கியது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அந்த மக்களில் பெரும்பாலோரைக் குடிமக்கள் இல்லை என்று ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. பிறந்ததற்குச் சான்று கேட்டார்கள், தகப்பன் பிறந்ததற்குச் சான்று கேட்டார்கள். லயத்துக் காம்பராவில் மருத்துவச்சி கையில் பிறந்தவனிடம் என்ன சான்று இருக்கும்? இந்த இடத்தை மாணவ நண்பர்கள் கவனித்துக் கொள்ளுங்கள். காகிதம் கேட்டு ஒரு மக்களை இல்லாமல் ஆக்கும் வித்தை இன்று நேற்று வந்ததல்ல. அதை முதலில் பார்த்தவர்கள் நம் மக்கள்.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை எடுத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். 1974இல் பேசி, பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் உடைந்தன. ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. பயணிகளோடு ரயிலையும் கொண்டுபோனது. இவர்கள் திரும்பி வரவேண்டிய துறைமுகம் இவர்கள் வருவதற்கு முன்பே இல்லாமல் போயிற்று. பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு வந்தது. இராமானுஜம் என்று பெயர்.

மலையிலிருந்து தலைமன்னாருக்கு வந்த ரயிலை அம்மாயி ‘அழுவக் கோச்சி’ என்றுதான் சொல்கிறார். கோச்சி என்றால் அங்கே ரயில். "ஹட்டன்ல ஏறுனா நாவலப்பிட்டி வரைக்கும் ஒரு பொட்டியிலயும் பேச்சுச் சத்தம் இருக்காது. அழுவதான். எங்க அக்கா ஜன்னல் கம்பிய விடமாட்டேன்னுச்சு, கோச்சி நகர நகரக் கூடவே ஓடி வந்துச்சு. அவளுக்கு சிலோன் பிரஜாவுரிமை, எனக்கு இந்தியா. ஒரே வயித்துல பொறந்தோம்." அக்காவை அவர் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களைக் கொண்டுபோய் வைத்த இடைத்தங்கல் முகாம் எது? அதே மண்டபம் கேம்ப். தாத்தாவுக்கு மருந்துத் தண்ணீர் ஊற்றிய வளாகத்தில் பேத்திக்கு அரிசியும் உதவித்தொகையும் கொடுத்து, எந்த மாவட்டம் என்று சொல்லும்வரை இருக்கச் சொன்னார்கள். "லயத்தவுட்டு வந்துட்டோம்னு நெனச்சேன், இங்கயும் லயம் மாதிரியே வரிசையா இருந்துச்சு" என்றார் அம்மாயி. பதினெட்டு நாள் இருந்தாராம். தண்ணீர் உப்பு, வெயில் புதிது. குளிரில் பிறந்த கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் கொப்புளம். முகாமில் தரகர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள், கடன் வாங்கித் தருகிறோம், நிலம் வாங்கித் தருகிறோம் என்று.

1980களின் தொடக்கம்வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படித் திரும்பினார்கள். அரசாங்கத்தின் பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. இந்தச் சொல்லை நாங்கள் வாயில் போட்டு மென்று பார்த்தோம். அம்மாயி பிறந்தது ஹட்டன். அவர் அம்மா பிறந்ததும் ஹட்டன். திரும்புவதற்கு அவர் எப்போது இங்கிருந்து போனார்? அங்கே ‘கள்ளத்தோணி’ என்றார்கள், இங்கே ‘சிலோன்காரி’ என்றார்கள். நடுவில் கப்பலில் இருந்த சில மணி நேரம் மட்டும்தான் எந்தப் பெயரும் இல்லை.

வந்தவர்களுக்காக 1968இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. அவையே பின்னர் டான்டீ ஆயின. 1969இல் பர்மா, இலங்கை திரும்பியோருக்காக ரெப்கோ வங்கி வந்தது. நூற்பாலைகளில் சிலர், கர்நாடகத்தின் ரப்பர்த் தோட்டங்களில் சிலர். தொழில் கடன் என்று ஐயாயிரம் ரூபாயைக் காகிதத்தில் காட்டிப் பாதியைக் கூடக் கையில் தராத கதைகள் ஏராளம். கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் குத்தகைக்காரர்களிடம் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு. அரசின் திட்டம் கெட்டது என்று ஒரேயடியாகச் சொல்லமாட்டோம். டான்டீ இல்லாவிட்டால் பல ஆயிரம் குடும்பங்களுக்கு அன்று கஞ்சி இல்லை. ஆனால் தேயிலையிலிருந்து வந்தவனுக்குத் தேயிலையையே கொடுத்தார்கள், லயத்திலிருந்து வந்தவனுக்கு லயத்தையே கொடுத்தார்கள். நிலம் கொடுத்துக் குடியமர்த்த வேண்டும் என்று தோன்றியிருந்தால் கொடுத்திருக்கலாம்.

அம்மாயியின் கணவர் முதலில் சொந்த ஊருக்குத்தான் போகலாம் என்றிருக்கிறார். துறையூர்த் தாலுகாவில் ஒரு கிராமம், மாமனாரின் தகப்பன் புறப்பட்ட ஊர். போனார்கள். ஊர் எல்லையில் நிறுத்தி முதல் கேள்வி, எந்தத் தெரு ஆளுக? அங்கே லயத்தில் சாதி இல்லாமல் இல்லை, ஆனால் வாயைத் திறந்ததும் அதைக் கேட்டவர்களை அம்மாயி அதுவரை பார்த்ததில்லையாம். காலனியில் பங்காளிகள் இருந்தார்கள். பாகம் கேட்க வந்துவிட்டார்களோ என்று அவர்களுக்குப் பயம். மூன்று மாதத்தில் நீலகிரிக்குப் புறப்பட்டுவிட்டார்கள்.

முகாமின் மூன்றாவது வாழ்வு 1983 ஜூலைக்குப் பிறகு. போர் அகதிகள் தோணிகளில் வந்தார்கள், மண்டபம் அவர்களை வாங்கியது. இன்றும் அங்கே குடும்பங்கள் இருக்கின்றன. முகாமுக்குள் போக அனுமதி வேண்டும். நாங்கள் எழுதிக் கேட்டோம், கிடைக்கவில்லை. எனவே நாங்கள் பார்த்தது வெளிவாசல், சாலை, வேலிக்கு அப்பால் தெரிந்த கூரைகள், கடல். அம்மாயி வாசலில் நின்று, "அந்தப் பக்கம் ஒரு கெணறு இருந்துச்சு" என்று கையைக் காட்டினார். காவலர் ஒருவர் வந்து நிற்கவேண்டாம் என்று பதமாகச் சொன்னார்.

வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். முகாமில் இருக்கும் ஒரு பெண் அங்கே வந்தார், முப்பத்தைந்து வயது இருக்கும். அம்மாயியின் பேச்சைக் கேட்டதும் திரும்பிப் பார்த்து, "நீங்க மலைநாடா அம்மா?" என்றார். அவருடைய தாய்வழியும் மலைநாடுதான். 1977 கலவரத்தில் மலையிலிருந்து வவுனியாவுக்கு ஓடியவர்கள், அங்கே காடு வெட்டிக் குடியிருந்தவர்கள், 1990இல் மன்னார் வழியாகத் தோணியில் வந்தவர்கள். இவர் பிறந்தது இந்த முகாமில்.

இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். இரண்டு பேரின் பாட்டன்மாரும் இதே வாசலில் அம்மை குத்திக்கொண்டு போனவர்களாக இருக்கலாம். ஒருவர் 1973இல் கப்பலில் வந்தார். கையில் கண்டி இந்திய அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை இருந்தது. அவர் இந்தியக் குடிமகள். மற்றவரின் தாய் 1990இல் தோணியில் வந்தார். கையில் ஒன்றும் இல்லை. மகள் இந்திய மண்ணிலேயே பிறந்தும் சட்டத்தின் கணக்கில் சட்டவிரோதமாகக் குடியேறியவர். 2003இல் இலங்கை, இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் கொண்டுவந்தது. அது இலங்கையில் இருந்தவர்களுக்குப் பயன்பட்டது. 2019இல் இந்தியா கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை என்ற பெயரே இல்லை. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாம்களில் உள்ள இந்திய வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலித்து முடிவெடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பெயர் மாற்றத்தை வரவேற்கிறோம். ஆனால் அந்த டீக்கடைப் பெண்ணுக்கு அதில் ‘இலங்கை’யும் பொருந்தவில்லை.

மொரீஷியசின் போர்ட் லூயிஸில் இதைப்போல ஓர் இடம் உண்டு. 1849இல் கட்டப்பட்ட குடியேற்ற நிலையம். ஏறக்குறைய ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் இறங்கிய இடம், தமிழர்கள் உட்பட. பழைய பெயர் கூலி காட். 1987இல் அதை ஆப்ரவாசி காட் என்று மாற்றினார்கள், குடிபெயர்ந்தோர் துறை என்று பொருள். 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே எஞ்சியிருக்கும் படிக்கட்டில் ஆண்டுதோறும் நவம்பர் 2 அன்று மலர் வைக்கிறார்கள். மண்டபத்தில் ஒரு கல்வெட்டுகூட இல்லை. ஏன்?

மொரீஷியசில் கூலிகளின் பேரப்பிள்ளைகள் ஆட்சிக்கு வந்தார்கள், அதனால் படிக்கட்டு கோவிலாயிற்று. மண்டபம் வழியாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டு நாட்டிலும் யாரோ ஒருவரின் கணக்குப் புத்தகத்தில் மீதித் தொகையாக நின்றார்கள். அத்துடன், கடல் கடந்த தமிழர் பெருமை பேசும் நம் அரங்குகளில் சோழனின் கப்பல் வரும், செட்டியாரின் கப்பல் வரும். சேரிக்காரனை ஏற்றிய கப்பல் வருவதில்லை. எங்கள் குழுவில் ஒரு தோழர் மண்டபத்தில் அருங்காட்சியகம் வேண்டும் என்று தீர்மானம் எழுதிக்கொண்டே வந்தார். டீக்கடைப் பேச்சுக்குப் பிறகு அதை நிறுத்திவைத்தோம். இன்று அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்குக் குடியுரிமை வராமல் அந்தச் சுவரில் பாரம்பரியச் சின்னம் என்று எழுதினால், முதலில் காலி செய்யச் சொல்லப்படுகிறவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். குடியுரிமைக் கோரிக்கை முன்னால், கல்வெட்டு பின்னால். இந்த வரிசையில் எங்களுக்குள் இப்போது வேறுபாடு இல்லை.

அம்மாயி எங்களோடு வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அவருடைய பேத்தி கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சாதிச் சான்றிதழ் கேட்டபோது, ஓர் அலுவலகத்தில் 1950க்கு முன் இந்த மாநிலத்தில் இருந்ததற்கு ஆவணம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வெளிவந்தது 1950 ஆகஸ்ட் 10. அந்தத் தேதியில் இந்தக் குடும்பம் ஹட்டனில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தது. ஊரில் ‘எந்தத் தெரு’ என்று கேட்கும்போது உடனே தெரிந்த சாதி, சலுகை என்று வரும்போது ஆவணம் இல்லாமல் தெரிவதில்லை. குடும்ப அட்டையில் சொந்த ஊர் என்ற இடத்தில் கிராமத்தின் பெயர் இருக்கிறது, எழுத்து எழுத்தாகப் படித்தால் அப்படி ஓர் ஊரே இல்லை. கண்டியில் இருந்த எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். அந்த எழுத்தைச் சத்தமாகப் படித்தபோது அம்மாயி திருத்தினார். அவர் உச்சரித்த பிறகுதான் அது எந்த ஊர் என்று எங்களுக்கு விளங்கியது. இப்போது அந்த ஊர் வருவாய்ப் பதிவுகளில் பாட்டனின் பெயரையும் பங்காளிகளின் சான்றிதழ்களையும் தேடி, விண்ணப்பத்தோடு இணைத்து மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

இந்த அனுபவத்திலிருந்து மாணவ நண்பர்கள் கையில் எடுக்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை, திருச்சி, சென்னை எங்கும் தாயகம் திரும்பியோர் வீடுகளில் தகரப் பெட்டிகளில் குடும்ப அட்டை, பயண ஆவணம், தோட்டத்துப் பற்றுச்சீட்டு, பழைய கடிதங்கள் கிடக்கின்றன. கப்பலில் வந்த தலைமுறையில் விவரம் சொல்லத் தெரிந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். போய் உட்காருங்கள். ஒவ்வொரு தாளையும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுங்கள், முத்திரைகள் பின்பக்கத்தில்தான் இருக்கின்றன. ஊர்ப் பெயரை அவர்கள் வாயால் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், நீங்கள் எழுதியதை அவர்களிடமே திருப்பிப் படித்துக் காட்டுங்கள். தோட்டத்தின் பெயர் இரண்டு இருக்கும். துரை வைத்த பெயர் ஒன்று, ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய அட்டைகளை யாரும் லேமினேட் செய்ய விடாதீர்கள், சூட்டில் மை போய்விடுகிறது, அலுவலகங்களிலும் வாங்க மறுக்கிறார்கள். மூலத்தை அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் பெட்டியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.